தூண்டல், ஒடுக்கல், மறித்தல்: நரம்பை அமைதிப்படுத்தும் மின்சாரத்தின் வரலாறு



மின்சாரம் உடலில் பாய்ந்தால் என்ன நேரும் என்று தொடக்கப்பள்ளி மாணவன் ஒருவனைக் கேட்டால், ‘உடம்பு தூக்கிப் போடும்’ என்பான். உயர்நிலைப்பள்ளி மாணவி, ‘நரம்பு தூண்டப்படும், தசை சுருங்கும்’ என்று விடை எழுதுவாள். இரண்டும் சரியான விடைகளே. ஆயினும் இரண்டும் உண்மையின் ஒரு பாதியையே கூறுகின்றன. தசையைத் துடிக்கச் செய்யும் அதே மின்சாரத்தால், துடிக்கும் தசையை ஓயச் செய்யவும் இயலும். நரம்பின் வழியே செல்லும் செய்தியை நடுவழியில் நிறுத்தவும் இயலும். மருத்துவத்தின்போது வேண்டிய நரம்பிழைகளை இயங்கவிட்டு, வேண்டாத இழைகளின் செயலை மின்சாரத்தாலேயே அடக்கும் முறை, இன்று மருத்துவப் பொறியியலில் தனியொரு துறையாக வளர்ந்துள்ளது.

இந்த மறுபாதி தெளிவாகப் புலப்பட ஏன் இத்துணைக் காலமாயிற்று? தக்க கருவிகள் இல்லாமை ஒரு காரணம். பெயரும் ஒரு காரணம் என்பது என் கருத்து. நரம்பில் மின்சாரம் பாய்ச்சும் எச்செயலையும் ‘தூண்டல்’ என்றே அழைத்துப் பழகிய அறிவுலகம், அச்சொல் காட்டிய திசையிலேயே நெடுங்காலம் நோக்கியது. மொழியியல் பயின்றவன் மருத்துவ வரலாற்றினுள் நுழைவதற்கு இதுவே நியாயம். நரம்பின் வழியை அடைக்கும் செயலை இவ்வுரையில் ‘மறித்தல்’ என்று குறிப்பிடுவேன். அச்சொல்லைத் தெரிந்தெடுத்த காரணத்தை இறுதியில் கூறுவேன்.

1. மரக்கச் செய்த மீன்

மின்சாரம் என்ற ஒன்று உண்டென அறியாத காலத்திலேயே மனிதர் அதனை மருத்துவத்திற்குப் பயன்படுத்தினர். கி.பி. முதலாம் நூற்றாண்டில், கிளாடியஸ் பேரரசரின் காலத்தில் உரோமில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர், கீல்வாத வலிக்கு ஒரு மருத்துவம் எழுதிவைத்தார். நோயாளி கடற்கரையின் ஈரமணலில் நின்று, உயிருள்ள மின்திருக்கை மீனைக் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதமும் கணைக்காலும் முழங்கால் வரையில் மரத்துப்போகும் வரை அப்படியே நிற்க வேண்டும். தீராத தலைவலிக்கும் அதே மீனை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார்.

இங்கே பெயர்களைக் கவனியுங்கள். அம்மீனுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் ‘நார்க்கே’. மரத்துப்போதலுக்கும் அவர்கள் மொழியில் அதுவே சொல். மயக்கமருந்துகளைக் குறிக்கும் ‘நார்க்காட்டிக்’ என்னும் இன்றைய சொல் அந்த வேரில் பிறந்ததே. இலத்தீனியர் அம்மீனை ‘டார்ப்பிடோ’ என்றனர். அதன் வேர்ச்சொல்லும் மரத்தல், செயலற்றுக் கிடத்தல் என்றே பொருள்படும். தமிழிலும் ‘மரத்தல்’ என்பது மரம்போல் உணர்வற்றுப் போதலைக் குறிக்கும். ஆக, மனிதர் முதன்முதல் சந்தித்த மின்சாரத்தை அவர்கள் அடையாளம் கண்டது அதன் அடக்கும் பண்பைக் கொண்டுதான். துடிக்கச் செய்யும் மீன் என்று அவர்கள் பெயரிடவில்லை. மரக்கச் செய்யும் மீன் என்றே பெயரிட்டனர். பட்டறிந்த விளைவைப் பெயராக்கிய நேர்மை அது.

2. தாற்றுக்கோல் என்னும் உருவகம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. இத்தாலியின் பொலோனியா நகரில் லூயிஜி கால்வானி, அறுத்தெடுத்த தவளைக் காலின் நரம்பில் மின்சாரம் பட்டதும் கால் உதறுவதைக் கண்டார். தம் ஆய்வை 1791இல் நூலாக வெளியிட்டார். அவரோடு கருத்து மாறுபட்ட அலெசாந்திரோ வோல்டா 1800இல் மின்கலவடுக்கை உருவாக்கினார். வேண்டும்போது மின்னோட்டத்தைப் பெறும் வசதி அறிவுலகிற்குக் கிட்டியது. செத்த தவளையின் கால் உயிருள்ளதுபோல் உதறிய காட்சி ஐரோப்பாவையே ஆட்கொண்டது. அன்றுமுதல் மின்சாரம் என்றால் எழுப்புவது, உதறச் செய்வது என்ற எண்ணம் வேரூன்றியது.

அச்செயலுக்கு நிலைத்த பெயர், ‘ஸ்டிமுலஸ்’ என்னும் இலத்தீன் சொல்லை வேராகக் கொண்டது. அதன் முதற்பொருள், எருதை ஓட்டும் உழவன் கையிலுள்ள கூர்முனைக் கோல். நம் உழவர் தாற்றுக்கோல் என்பர். நரம்பு படுத்திருக்கும் எருது. மின்சாரம் அதை எழுப்பும் தாற்றுக்கோல். உருவகம் அழகானது, அதனாலேயே ஆபத்தானது. தாற்றுக்கோலால் எருதை எழுப்பலாம், விரட்டலாம்; உறங்கச் செய்ய முடியாது.

தமிழில் இச்சொல்லுக்கு நாம் கொண்ட நிகரனும் இதே திசையில் செல்கிறது. அகல்விளக்கின் திரியை மேலே தள்ளிச் சுடரைப் பெருக்கும் குச்சியைத் தூண்டுகோல் என்கிறோம். தூண்டுதல் என்றால் மங்கியதை ஒளிரச் செய்தல். ஆசிரியப் பயிற்சியில் உளவியல் படித்தோர் ‘தூண்டல்–துலங்கல்’ என்னும் இணையை நன்கறிவர். தூண்டினால் துலங்க வேண்டும் என்பது அச்சொல்லிணையின் கட்டளை. தூண்டினால் அடங்கவும் கூடும் என்பதற்கு அதில் இடமில்லை.

3. அடங்கிய இதயமும் ஓய்ந்த தசையும்

முதல் அதிர்ச்சி 1845இல் வந்தது. எர்ன்ஸ்ட் வேபர், எட்வர்ட் வேபர் என்னும் ஜெர்மானிய உடன்பிறப்புகள், மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கி மார்பையும் வயிற்றையும் சேரும் வேகஸ் நரம்பில் மின்சாரம் பாய்ச்சினர். இதயம் விரைந்து துடிக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். இதயமோ மெதுவாயிற்று, பின்னர் நின்றது. மின்சாரத்தை நிறுத்தியதும் மீண்டும் துடித்தது. ஒரு நரம்பை எழுப்பினால் அது மற்றோர் உறுப்பை அடக்கக்கூடும் என்பது இவ்வாறு தெரியவந்தது. இதனை ‘ஒடுக்கல்’ எனலாம். ஆனால் இங்கே வேகஸ் நரம்பு அடங்கவில்லை என்பதை மறத்தலாகாது. அது தன் தொழிலைச் செய்தது. இதயத்தை ஒடுக்குவதே அதன் தொழில்களுள் ஒன்று.

அடுத்த அடியை 1859இல் எடுத்துவைத்தவர் எட்வர்ட் ஃப்ளூகர். நரம்பின்மேல் இரண்டு மின்வாய்களை வைத்து நேர்த்திசை மின்னோட்டத்தைச் செலுத்தினால், எதிர்மின்வாயின் அருகே நரம்பு எளிதில் கிளர்ச்சியடைகிறது. நேர்மின்வாயின் அருகே அதன் கிளர்ச்சித்திறன் குறைகிறது என்று அவர் நிறுவினார். ஒரே மின்னோட்டம், ஒரே நரம்பு. ஒரு முனையில் எழுச்சி, மறுமுனையில் தளர்ச்சி. இங்கே அடங்குவது நரம்பேதான். மறித்தலின் விதை இந்த ஆய்வில் இருந்தது.

மூன்றாமவர் இரஷ்யாவின் நிக்கொலாய் வெதென்ஸ்கி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய அவர், அப்போது புதுமையாக இருந்த தொலைபேசிக் கருவியை நரம்போடு இணைத்து, நரம்பில் ஓடும் செய்தியைக் காதால் கேட்டு ஆராய்ந்தார். தவளையின் நரம்பில் பாய்ச்சும் மின்துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டத் தசையின் சுருக்கம் வலுக்கிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் சுருக்கம் தளர்கிறது. தசை களைத்துவிட்டது என்று கூறிவிடலாம். ஆனால் துடிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்ததும் தசை உடனே வலுவாகச் சுருங்குகிறது. களைத்த தசை அப்படிச் செய்யாது. ஆகவே மிகுதியான தூண்டலே தடையாகிறது என்று அவர் 1880களில் முடிவு கண்டார். 1901இல் வெளியான அவருடைய நூலின் தலைப்பு ‘கிளர்ச்சி, ஒடுக்கம், மரப்பு’ என்று பொருள்படும். தலைப்பின் மூன்றாம் சொல் ‘நார்க்கோஸ்’. கிரேக்கர் தம் மீனுக்கு இட்ட பெயரின் வழிவந்தது. பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து அச்சொல் தன் மின்சாரத்திடமே திரும்பி வந்தது.

வெதென்ஸ்கி கண்டதும், இன்று மருத்துவப் பொறியியலார் செய்யும் மறித்தலும் ஒன்றல்ல. அவர் கண்ட தடை பெரும்பாலும் நரம்பும் தசையும் கூடும் இடத்திலோ, நரம்பின் நலிந்த பகுதியிலோ நிகழ்வது. இருந்தும், தூண்டலின் மிகுதி அடக்கமாக மாறும் என்று துணிந்து சொன்ன பெருமை அவருடையது.

4. நரம்பு என்னும் நம் சொல்

இதே காலத்தில் மேலை மருத்துவம் தமிழில் எழுதப்பட்டுக் கொண்டிருந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் அறுவை மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ அவற்றுள் ஒன்று. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சொல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எல்லை என்பது அத்தகைய பணியின் அடிப்படைத் தேவை.

‘நரம்பு’ என்ற சொல்லையே பாருங்கள். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் அது யாழின் நரம்பு. பேச்சு வழக்கில் கையில் புடைத்துத் தெரியும் இரத்தக்குழாயும் நரம்பு. ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்று நாம் சொல்வது அக்குழாயையே. மூளையின் செய்தியைக் கொண்டுசெல்லும் இழையும் நரம்புதான். இழுத்துக் கட்டிய நாண் போன்ற எதற்கும் பொருந்திய சொல், அறிவியலில் ஒன்றற்கு மட்டுமே உரியதாகச் சுருங்க வேண்டியதாயிற்று. பள்ளி அறிவியலில் அச்சுருக்கம் நிறைவேறிவிட்டது. வீட்டுப் பேச்சில் இன்னும் நிறைவேறவில்லை. ‘தூண்டல்’ என்ற சொல்லுக்கோ அவ்வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

5. வாயில்கள் திறந்தும் மூடியும்

நரம்பு எவ்வாறு செய்தி கடத்துகிறது என்பதை விளக்காமல் மறித்தலை விளக்க முடியாது. அவ்விளக்கத்தைத் தந்தவர்கள் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் இங்கிலாந்து அறிஞர்கள். நம் ஊர் உணவுக்கடைகளில் சோத்தோங் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கணவாய் இனத்தின் உடலில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள நரம்பிழை ஒன்று உண்டு. அதனுள் மின்வாயைச் செலுத்தி அவர்கள் அளந்தனர். 1952இல் முடிவுகளை வெளியிட்டனர். 1963இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம் இது. நரம்பிழையின் சவ்வில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்கள் உள்ளன. மின்னழுத்தம் குறித்த அளவு மாறியதும் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. அப்பாய்ச்சல் அடுத்த வாயில்களைத் திறக்கிறது. காய்ந்த புல்வெளியில் தீ பரவுவதுபோல் செய்தி பரவுகிறது. திறந்த வாயில் மிகச் சிறு பொழுதில் தானே தாழிட்டுக்கொள்ளும். சவ்வு பழைய நிலைக்குத் திரும்பினாலன்றித் தாழ் நீங்காது. தாழ் நீங்காத வரை அவ்விடத்தில் மறுபடி செய்தி எழாது. எரிந்த புல் மீண்டும் எரியாததுபோல்.

இப்போது, சவ்வு பழைய நிலைக்குத் திரும்புவதற்கே வாய்ப்பளிக்காமல், நொடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் என்னவாகும்? வாயில்கள் தாழிட்டபடியே இருக்கும். அவ்வழி வரும் எந்தச் செய்தியும் அவ்விடத்தோடு அவியும். மறித்தலுக்குக் கணினி மாதிரிகள் தரும் விளக்கங்களுள் முதன்மையானது இதுவே. 1962இல் டேனர் என்னும் ஆய்வாளர், இத்தகைய விரைவான மாறுதிசை மின்னோட்டத்தால் தவளை நரம்பை மறிக்க முடியும் என்றும், மின்சாரத்தை நிறுத்தியதும் நரம்பு பழையபடி இயங்கும் என்றும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

‘பழையபடி இயங்கும்’ என்ற தொடரில்தான் மருத்துவப் பயன் முழுதும் அடங்கியுள்ளது. நரம்பை அடக்கும் வழிகள் வேறும் உள்ளன. கத்தியால் அறுக்கலாம், அறுத்தது பெரும்பாலும் அறுத்ததுதான். மருந்தால் மரக்கச் செய்யலாம். 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண் அறுவைக்குக் கொக்கைனைப் பயன்படுத்தியது முதல் அவ்வழி நமக்குத் திறந்துள்ளது. ஆயினும் செலுத்திய மருந்தை நினைத்த நொடியில் திரும்பப் பெற முடியாது. மின்சாரத்தையோ விசையைத் தட்டி நிறுத்தலாம். நேர்த்திசை மின்னோட்டமும் மறிக்கவல்லதே. ஆனால் நீண்ட நேரம் பாய்ந்தால் மின்வாயில் நிகழும் வேதிவினைகள் திசுவைக் கெடுக்கும். மாறுதிசை மின்னோட்டத்தில் ஒரு திசையில் சென்ற மின்னூட்டம் மறு திசையில் மீண்டுவிடுவதால் அக்கேடு குறைவு.

6. வேண்டாத துடிப்பு

மறித்தல் ஆய்வுக்கூடத்துப் புதுமையாக மட்டும் நின்றிருந்தால் இவ்வுரைக்கே தேவையிராது. மின்சாரத்தால் நோய் தீர்க்க முற்பட்டபோது, தூண்டலே தன் துணையாக மறித்தலை அழைத்தது.

முதல் எடுத்துக்காட்டு, தண்டுவடம் முறிந்தோரின் துயரம். அவர்களுள் பலர்க்குச் சிறுநீர்ப்பை தன் விருப்பப்படி இயங்காது. இலண்டனில் ஜைல்ஸ் பிரிண்ட்லி, முதுகின் அடியில் உள்ள திரிக நரம்பு வேர்களில் மின்வாய்களைப் பொருத்தி, சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்யும் கருவியை 1970களில் உருவாக்கினார். இடர் என்னவெனில், அதே வேர்களில் இரண்டு வகை இழைகள் ஓடுகின்றன. மெல்லிய இழைகள் சிறுநீர்ப்பைக்குச் செல்வன. தடித்த இழைகள் சிறுநீர்வழியை இறுக்கும் சுருக்குத்தசைக்குச் செல்வன. மின்சாரத்திற்கு முதலில் எழுவன தடித்த இழைகளே. ஆகவே பை சுருங்கும் அதே நேரத்தில் வழியும் இறுகும். குடத்தைக் கவிழ்த்துக்கொண்டே அதன் வாயைக் கையால் பொத்துவது போன்ற நிலை.

பிரிண்ட்லியின் நடைமுறைத் தீர்வு எளியது. விட்டு விட்டு மின்சாரம் பாய்ச்சினால், சுருக்குத்தசை விரைவில் தளர்ந்துவிடும்; பையின் தசை மெல்லத்தான் தளரும். அந்த இடைவெளியில் நீர் வெளியேறும். கருவியில் நிலைத்தது இவ்வழியே. ஆயினும் 1980இல் அவரும் கிராக்ஸும் வேறொரு வழியையும் வெளியிட்டனர். ஃப்ளூகர் நேர்மின்வாயில் கண்ட தளர்ச்சியைக் கொண்டு தடித்த இழைகளை மட்டும் மறித்தால், மெல்லிய இழைகளின் செய்தி தடையின்றிச் செல்லும். தடித்த இழையே முதலில் எழும். தடித்த இழையே முதலில் மறிபடும். இடருக்குக் காரணமான அதே பண்பு தீர்வுக்கும் காரணமாயிற்று. 1859இல் தவளையிடம் கற்ற பாடம், நூற்றிருபது ஆண்டுகள் கழித்து மனிதர்க்குப் பயன்படும் வாய்ப்பைப் பெற்றது.

இரண்டாம் எடுத்துக்காட்டு, மொழி கற்பிக்கும் நம்மைத் தொடுவது. மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்குக் கழுத்திலுள்ள வேகஸ் நரம்பில் மின்சாரம் பாய்ச்சும் மருத்துவத்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் ஏற்றது. பயன்பட வேண்டியது மூளையை நோக்கி மேலேறும் செய்தி. நரம்பின் நடுவில் எழுந்த செய்தியோ மேலும் செல்லும், கீழும் செல்லும். வேகஸ் நரம்பினுள் குரல்வளைக்குச் செல்லும் இழைகளும் உள்ளன. அந்த இழைகளின் ஆற்றலைப் பண்டைய மருத்துவர் கேலன் உரோமில் எல்லார் முன்னும் காட்டியுள்ளார். கத்திக்கொண்டிருந்த பன்றியின் குரல்வளை நரம்பை அவர் அறுத்ததும் குரல் நின்றது. ஆதலால் கருவி இயங்கும் நேரங்களில் நோயாளியின் குரல் கரகரப்பதும் மாறுவதும் இம்மருத்துவத்தில் அடிக்கடி காணும் பக்கவிளைவு. வலிப்பு குறைகிறது; வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும்போது குரல் தடுமாறுகிறது. இது சிறிய விலையா பெரிய விலையா என்பதைக் குரலால் வாழ்வோரே சொல்ல வேண்டும்.

மருத்துவர்கள் பெரும்பாலும் மின்னளவைக் குறைத்து இதனைச் சமாளிக்கின்றனர். ஆய்வாளர்கள் வேறொன்றையும் முயன்றனர். 1979இல் கிளீவ்லாந்து நகரத்து ஆய்வாளர்களான வான் டென் ஹோனர்ட்டும் மோர்ட்டிமரும், நேர்மின்வாய் மறித்தலைக் கொண்டு செய்தியை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் முறையைக் காட்டினர். ஒருதிசைச் செய்தியைக் கொண்டு, எதிரே வரும் வேண்டாத செய்தியை அவிக்கவும் இயலும். புல்வெளியின் இரு முனைகளிலிருந்தும் வரும் தீ நடுவில் சந்தித்தால், இரண்டுக்கும் எரிக்கப் புல் எஞ்சாமல் இரண்டும் அவியும். நரம்பிலும் அவ்வாறே எதிரெதிர்ச் செய்திகள் மோதி அழிகின்றன. வேண்டாத செய்தியை மற்றொரு செய்தியால் வெல்வது என்பது, தாற்றுக்கோல் உருவகத்துள் அடங்காத ஒன்று.

7. அமைதிக்கு முன் ஒரு கூச்சல்

விரைவான மாறுதிசை மின்னோட்டத்தால் மறிக்கும் முறையை மீண்டும் முறையாக ஆராய்ந்து, 2004 முதல் ஆய்வுரைகள் வெளியிட்டவர்கள் கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் கில்கோரும் நிலோய் பத்ராவும். சில கிலோஹெர்ட்ஸ் முதல் சில பத்துக் கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் விலங்குகளின் நரம்பு முழுமையாக மறிபடுவதையும், நிறுத்தியதும் விரைவில் மீள்வதையும் அவர்கள் காட்டினர். ஆனால் ஒரு சிக்கலையும் எடுத்துரைத்தனர். மின்சாரத்தைத் தொடங்கும் அந்தக் கணத்தில், அடங்குவதற்கு முன் நரம்பு ஒருமுறை வெகுண்டெழுகிறது. தசை வெட்டி இழுக்கிறது. வலி நரம்பாயின் வலி தெறிக்கும். அமைதிக்கு முன் ஒரு கூச்சல். இத்தொடக்கக் கிளர்ச்சியைக் குறைப்பதே இத்துறையின் முதன்மையான பணிகளுள் ஒன்றாயிற்று. ஒரே மின்னோட்டம் முதலில் தூண்டலாகவும் பின்னர் மறித்தலாகவும் நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

மனிதரிடம் இது பயனளித்ததா? 2015 ஜனவரியில், வயிற்றருகே வேகஸ் நரம்பை 5,000 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தால் மறித்து உடற்பருமனைக் குறைக்கும் கருவிக்கு அமெரிக்க நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. 239 பேரிடம் நடத்திய சோதனையில், ஓராண்டு முடிவில் மறித்தல் பெற்றோர் தம் மிகை எடையில் 24.4 விழுக்காடு இழந்தனர். கருவியைப் பொருத்தியும் மறித்தல் பெறாதோர் 15.9 விழுக்காடு இழந்தனர். எதிர்பார்த்த இலக்கு 10 புள்ளி வேறுபாடு, கிடைத்தது 8.5. பயன் உண்டு, கனவு கண்ட அளவு இல்லை. பொருத்தியும் மறித்தல் பெறாதோரே அவ்வளவு எடை இழந்தனர் என்பதும் சிந்திக்கத்தக்கது.

அதே ஆண்டில் தண்டுவடத்தின் அருகே 10,000 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாய்ச்சி நாட்பட்ட வலியைத் தணிக்கும் முறையும் ஒப்புதல் பெற்றது. வலியைத் தணிக்கத் தண்டுவடத்தில் மின்சாரம் பாய்ச்சும் எண்ணம் அதற்கும் பழையது. வேறு உணர்வுகள் வலியின் வாயிலை அடைக்கக்கூடும் என்ற கோட்பாட்டை 1965இல் மெல்சாக்கும் வாலும் வெளியிட்டனர். அதனை அடியொற்றி 1967இல் நார்மன் ஷீலி முதல் கருவியைப் பொருத்தினார். பழைய முறையில் வலியின் இடத்தில் ஒரு குறுகுறுப்பு எழும். புதிய முறையில் அது எழுவதில்லை. ஆகவே இதுவும் மறித்தலே என்று சொல்லத் தோன்றும். ஆனால் தண்டுவடத்தில் உண்மையாகவே மறித்தல்தான் நிகழ்கிறதா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மூளையிலும் அவ்வாறே. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிடும் பொல்லாக்கும், மூளையின் தாலமஸ் பகுதியில் நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட துடிப்புகளைச் செலுத்தி நடுக்கத்தை அடக்கினர். அப்பகுதியை அழித்தால் கிடைக்கும் பயனை அழிக்காமலே பெற்றதால், மின்சாரம் அங்குள்ள செல்களை அடக்கிவிடுகிறது என்று முதலில் கருதப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அவ்விளக்கம் போதாது என்று காட்டின. சில பகுதிகள் அடங்க, அங்கிருந்து புறப்படும் இழைகள் எழுகின்றன.

8. எவ்வாறு பெயரிடுவோம்?

வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் வேலை இனித் தொடங்குகிறது. ‘தூண்டல்’ என்ற ஒரு சொல் இன்று தமிழில் எத்தனை சுமைகளைச் சுமக்கிறது! இயற்பியலில் மின்காந்தத் தூண்டல், உளவியலில் தூண்டல்–துலங்கல், மருத்துவத்தில் நரம்புத் தூண்டல். மருத்துவத்தில் மட்டுமே அச்சொல் எழுப்புதல், ஒடுக்குதல், மறித்தல் ஆகிய மூன்றையும் மூடி மறைக்கிறது. நடுங்கும் கையோடு வந்த முதியவரிடம், ‘உங்கள் மூளையைத் தூண்டப் போகிறோம்’ என்று தமிழில் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? ஏற்கெனவே அடங்காமல் ஆடுவதை இன்னும் கிளப்பிவிடப் போகிறார்களே என்று அஞ்சமாட்டாரா? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒருவர் தமக்கு நேரவிருப்பதை உணர வேண்டும். அவ்வுணர்வு சொல்லின் வழியேதான் வர வேண்டும். மருத்துவமனையில் பெற்றோர்க்கும் தாத்தா பாட்டிக்கும் மொழிபெயர்த்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நம் மாணவர்களே என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

என் முன்மொழிவு நான்கு சொற்கள். முதலாவது, பொதுப்பெயர்: ‘நரம்பு மின்பாய்ச்சல்’. வயலுக்கு நீர் பாய்ச்சுகிறோம். பயிர் தழைப்பதும் அழுகுவதும் அளவைப் பொறுத்தது. பாய்ச்சல் என்ற சொல் செயலை மட்டும் கூறும். விளைவை முன்கூட்டித் தீர்மானிக்காது. இரண்டாவது, ‘தூண்டல்’: மின்சாரத்தால் நரம்பு எழுவதற்கு மட்டும் உரியது. மூன்றாவது, ‘ஒடுக்கல்’: வேபர் உடன்பிறப்புகள் கண்டதுபோல், ஒரு நரம்பு எழுந்து மற்றொன்றை அடக்குவது. நான்காவது, ‘மறித்தல்’: நரம்பின் வழியில் செய்தி செல்லாமல் நிறுத்துவது. வழிமறித்தல், சாலை மறியல் என்னும் வழக்குகள் நமக்குப் புதியன அல்ல. மறியலின்போது சாலை சிதைவதில்லை. போக்குவரத்து மட்டுமே நிற்கிறது. மறிப்போர் விலகியதும் வண்டிகள் ஓடத் தொடங்கும். மின்சாரம் நரம்பில் செய்வதும் அதுவே. ‘தடை’ என்ற சொல்லும் பொருந்தும். ஆனால் அது இயற்பியலில் மின்தடையைக் குறித்து ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது.

காரணம் தெளியாத இடத்தில் என்ன செய்வது? 10,000 ஹெர்ட்ஸ் வலி மருத்துவத்தை ‘மறித்தல்’ என்றால், தீராத வழக்கிற்கு நாமே தீர்ப்பெழுதியவர் ஆவோம். அங்கே பொதுப்பெயரே போதும்: ‘தண்டுவட மின்பாய்ச்சல்’. அறியாததை அறிந்ததுபோல் காட்டாமல் இருப்பதும் கலைச்சொல்லின் கடமையே. அவ்வகையில் பழைய கிரேக்கர் நமக்கு நல்ல ஆசிரியர்கள். மீனுக்குள் இருந்தது இன்னதென்று அவர்கள் அறியார். காலில் நிகழ்ந்ததை அறிவர். அறிந்ததையே பெயராக்கினர்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நரம்பு மண்டலப் பாடத்தைக் கற்பிக்கும்போது, மாணவரிடம் தவளைக்காலின் கதையோடு வேபர் கண்ட இதயத்தின் கதையையும் கூறுங்கள். ‘தூண்டல்’ என்று பாடநூலில் வரும் ஒவ்வோரிடத்திலும், ‘இங்கே எழுந்தது எது, அடங்கியது எது?’ என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் மாணவர் அறிவியலையும் தமிழையும் ஒருங்கே கற்பர். நாளை அவர்களுள் ஒருவர் நோயாளியின் படுக்கையருகே நின்று, ‘இந்த மின்சாரம் உங்கள் நரம்பை எழுப்பாது ஐயா, வலியின் வழியை மறிக்கும்’ என்று தெளிந்த தமிழில் சொல்வாராயின், இவ்வுரையின் நோக்கம் நிறைவேறும்.